‘அவர்கள்’ என்பது ஒருவரே

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
முதுகலை உளவியல் மாணவர்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தொலைநிலைக் கல்வி நிறுவனம், ஆறாம் தளம்.

பொருள்: தனிநபர் ஆய்வேடு நிராகரிப்பு – மறுமதிப்பீடு கோருதல் – தொடர்பாக.
பார்வை: மதிப்பீட்டாளர் குறிப்பு, நாள் 11.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் 03.07.2021 அன்று இப்படிப்பில் சேர்ந்தேன். ‘அவரவர் வேகத்திற்கேற்பப் படிக்கலாம்’ என்ற தங்கள் விளம்பரத்தில் அந்தப் ‘ப்’ விடுபடாதிருந்ததே என்னை ஈர்த்தது. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டேன். எஞ்சியிருப்பது ஆய்வேடு மட்டுமே.

2. என் அக்கா 19.08.1988 அன்று லிஃப்டில் சிக்கிக்கொண்டார்கள். அன்று முதல் படிக்கட்டுதான். எண்பத்தொரு வயதில் மூட்டுகள் படிக்கட்டுக்கு உடன்படவில்லை. ஆகவே பாடத்தில் கற்ற முறைப்படி, முதலில் லிஃப்ட் எதிரே நாற்காலி போட்டு அமர்த்தினேன். பின்னர்க் கதவைத் திறந்து வைத்து உள்ளே நிற்கப் பழக்கினேன். “பரீட்சை உனக்கா, எனக்காடா?” என்று கேட்டுக்கொண்டே ஒத்துழைத்தார்கள். 14.12.2024 அன்று ஒரு தளம் ஏறினார்கள். அதுவே என் ஆய்வேடு.

3. ஆய்வுக்குட்பட்டவரின் பெயரும் உறவும் வெளிப்படக் கூடாதென்பது தங்கள் விதி. எனவே ‘அவர்கள்’ என்று மட்டும் எழுதினேன். அதற்கு மதிப்பீட்டாளர், ‘தாங்கள் பலரை ஆய்ந்திருக்கிறீர்கள். ஒருவரைத் தேர்ந்து, தங்கள் வேகத்தில் மீண்டும் அனுப்பவும்’ என்று குறித்துள்ளார். இக்குறிப்பில் அவர் என்னையும் பன்மையிலேயே விளித்துள்ளார். நானும் ஒருவனே.

4. மூத்தவரை ‘அவள்’ என்று எழுத என் பேனா இணங்காது. ‘அவர்’ என்றாவது எழுதியிருக்கலாமே என்கிறாள் என் மகள். குறிப்பை அக்காவிடம் படித்துக் காட்டினேன். “நாப்பத்தாறு கிலோ இருக்கேன், என்னைப் போய்க் கூட்டம்னுட்டாரா?” என்று வெகுநேரம் சிரித்தார்கள்.

5. என் வேகத்துக்கு அவசரமில்லை. பட்டமளிப்பு 22.03.2025 அன்று தங்கள் ஆறாம் தள அரங்கில் நடைபெறுகிறது. நான் பட்டம் வாங்குவதைக் காண லிஃப்டில் ஏறுவதாக அக்கா வாக்களித்துள்ளார்கள். அடுத்த பட்டமளிப்பு வரை அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

எனவே, 28.02.2025-க்குள் ஆய்வேட்டை மறுமதிப்பீடு செய்து, இவ்வாண்டே பட்டம் பெற ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மொழிப்பிழை ஏதேனும் இருப்பின் தனியே மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம், இராது.

நாள்: 17.02.2025
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

இங்ஙனம்,
(ஒப்பம்)
மெய்ப்புத் திருத்துநர், ஓய்வு

பி.கு.: தபாலில் அனுப்புவதாகவே இருந்தேன். “என்னைக் கூட்டிட்டுப் போ, எண்ணிப் பாக்கட்டும்” என்று அக்கா கிளம்பிவிட்டார்கள். ஆறு தளமும் லிஃப்டில்தான் வந்தார்கள். இப்போது தங்கள் அறை வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே நாற்காலியில்.