ஒரு போனுக்கு ஒரு பதிவு

பிப்ரவரி 3, செவ்வாய். மலைமேல், புதூர்நாடு

வேலூரிலிருந்து முதலாளி குமரேசன் அழைத்தார். எங்கள் ஐந்து பேர் கம்பெனியில், திரையில் தெரியும் பக்கங்களின் நிரலை இனி ஏஐதான் முதலில் ரிவ்யூ செய்யுமாம். அதற்கு விதிமுறை எழுத வேண்டியது நான். "நீங்கதான் எதையும் நம்ப மாட்டீங்களே மேடம்." பாராட்டா, புகாரா?

பிப்ரவரி 4

எங்கள் மலையில் நடக்கும் கண் முகாமுக்குப் பெயர் பதியும் பக்கத்தை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் இளையவள் நதியா எழுதியது. பதினேழு குறை சொன்னது. பதினொன்று நிறங்களைப் பற்றி. ஒவ்வொரு குறைக்கும் முன்னால் ஒரு பாராட்டு வேறு — கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவர்போல.

உருப்படியானது ஒன்று: ஒரு போனிலிருந்து ஒரு முறைதான் பதிய விட வேண்டும் என்றது. பொத்தானை இரண்டு தடவை அழுத்துபவர்கள் உண்டுதானே.

ஒடுகத்தூரிலிருந்து நதியா, "அது வேணாங்க்கா, மலைல நாலு வூட்டுக்கு ஒரு போனுதான்" என்றாள். அவசரத்தில் இருந்தேன். "அதெல்லாம் யோசிச்சாச்சு" என்று சொல்லி, ஏஐ சொன்னதையே ஏற்றுக்கொண்டேன்.

யார் யோசித்தது?

பிப்ரவரி 6

பத்து விதிகள் எழுதி அனுப்பினேன். ஏஐ சொன்னதை யார் ஏற்றாலும் தன் பெயரைப் போட வேண்டும் என்பது நான்காவது. கண் முகாம் பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். குமரேசன் கட்டைவிரல் காட்டினார். படித்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 9

பதிவு திறந்தது. நாளை மாலை ஆறு மணிவரை.

பிப்ரவரி 10

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு போனும் கையுமாக வந்தாள்.

"இன்னாக்கா உங்க கம்ப்யூட்டரு? சடையன் மாமா பேரப் போட்டேன், எடுத்துக்கிச்சு. எம் மாமியா பேரப் போட்டா, ஏற்கெனவே பதிவாயிடுச்சின்னுது. உங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது போல."

மாமியார் முத்தம்மாவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. முகாம் வண்டி வருடத்துக்கு ஒரு முறைதான் மலைக்கு வரும்.

இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்.

குமரேசனை அழைத்தேன். "நதியா பண்ண பக்கம்தான அது?" என்றார். நான்காவது விதிப்படி யார் பெயர் இருக்கிறது, பாருங்கள் என்றேன். பார்த்தார். பதிவை இரண்டு நாள் நீட்டிக்கச் சொன்னேன், மறுக்கவில்லை.

நதியா அரை மணியில் அந்தத் தடையை எடுத்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்தேகாலுக்கு முத்தம்மா பெயர் ஏறியது.

பிப்ரவரி 12

முதல் நாள் பதிந்தவர்கள் பன்னிரண்டு பேர். இன்று மாலை மொத்தம் நாற்பத்தொன்று. முகாம் நடத்துபவர்கள் இரண்டாவது வண்டி கேட்டிருக்கிறார்கள். அந்தத் தடையால் திரும்பிப் போனவர்களில் மறுபடி வராதவர் எத்தனை பேரோ. அது எந்தத் திரையிலும் தெரியாது.

பிப்ரவரி 16

விதிமுறையின் முதல் வரியை நதியா மாற்றி எழுதினாள்: பயன்படுத்துபவர்களைத் தெரிந்தவர் வேண்டாம் என்றால், செய்யச் சொன்னது ஏஐ ஆனாலும் மூத்தவர் ஆனாலும், வேலை நிற்க வேண்டும்.

இன்று நான் ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் ரிவ்யூவுக்கு அவளிடம் போனது. திருப்பி அனுப்பியிருக்கிறாள். "இது யாருக்குக்கா?"

அரை மணி நேரம் பதில் எழுதிப் பார்த்தேன். பிறகு மாற்றத்தையே எடுத்துவிட்டேன்.