சம்புடத்தில் மிஞ்சிய மிளகு

நீ கொடுத்த எவர்சில்வர் சம்புடத்தை இன்று காலை திறந்தேன். உள்ளே நாலைந்து மிளகு மட்டும் உருண்டது. பச்சைக் கற்பூரம் ஒரு துணுக்குகூட இல்லை. மிளகை எடுத்து முகர்ந்து பார்த்தேன், இன்னும் லேசாக மணக்கிறது. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்கு மிளகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உங்கள் வீட்டில் பெருமாள் தீர்த்தத்துக்குப் போடுகிற கற்பூரம் அது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன், ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு வாசலில் வைத்து என் கையில் திணித்தாய். "ஒனக்குத்தான் இந்த வாசனைன்னா பைத்தியமாச்சே, வச்சுக்கோடி" என்றாய்.

துவாக்குடிப் பக்கம் நாம் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் உன் மேசையும் என் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. ஒரு பொருளின் ஆவியழுத்தத்தை, அதாவது அது எந்த அளவுக்கு ஆவியாகிக் காற்றில் கலக்கும் என்பதை, அளந்து சொல்வது நம் வேலை. மனிதர்களின் மூச்சில் அது எவ்வளவு போய்ச் சேரும் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கட்டியான பொருள் என்றால் ஊசித்துளை போட்ட குட்டிக் கிண்ணத்தில் வைத்து, சுற்றியுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். "இருக்கறத யார் வேணா அளப்பா. நாம போனத அளக்கறோம்டி" என்று பீற்றிக்கொள்வாய்.

மிளகு போட்டால் கற்பூரம் கரையாது என்று உங்கள் அம்மா சொன்னதை ஒருநாள் நான் கிண்டல் செய்தேன். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு புட்டிகளில் கற்பூரம் போட்டு, ஒன்றில் மட்டும் மிளகு சேர்த்து, மார்கழி முழுக்க எடை போட்டோம். இரண்டும் ஒன்றுபோலவே கரைந்தன. நீ உதட்டைப் பிதுக்கினாய். "சரி, மூடி டைட்டா இருந்தாப் போறும். ஆனாலும் மிளகு போடாம இருக்க மாட்டேன், அம்மா கோச்சுப்பா."

அப்புறம்தான் அந்தப் பூச்சிக்கட்டி வந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் துணி அலமாரியில் வைக்கிற புதுச் சரக்கு. அதைத் தயாரித்தவர் நம் எதிரில் உட்கார்ந்து, "இது என்னம்மா பெட்ரோலா? கட்டியா இருக்கறது எங்கம்மா ஆவியாகப் போகுது?" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "ஒங்க வீட்டுக் கற்பூரத்தப் பத்து நாள் தெறந்து வச்சுப் பாருங்கோ சார். யார் எடுத்துண்டு போனான்னு கேப்பேள்" என்றாய்.

அவர் கேட்டது இருபத்தைந்து டிகிரி அளவு மட்டும். மேனேஜரும் அதுவே போதும் என்றார். நீ மட்டும் நாற்பதிலும் அளக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். "சித்திரைல எங்காத்து மாடி ரூம் இருபத்தஞ்சுலயா இருக்கு? அந்த அலமாரிக்குப் பக்கத்துலதான் சார் தூளி கட்டுவா."

அதற்குள் உனக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தது. தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வருவாய். நாற்பதில் ஒரு முறை எடுத்த அளவு மறுமுறை வரவில்லை, எங்கோ காற்று கசிந்தது. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துடைத்து மாட்டினாய். "நீ போய்ப் படுடி, நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீ பாத்துப்பேன்னு தெரியும். நான் இருக்கறச்சே முடிஞ்சுடணும்டி" என்றாய். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியெல்லாம் பேசாதே என்று கத்திவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது நீ அடுத்த கிண்ணத்தை எடை போட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் அளவுகள் ஒத்துப்போயின. அறிக்கையில் நாற்பதும் ஏறியது, இருபத்தைந்தைவிடப் பல மடங்காக.

ஆஸ்பத்திரியில் உன்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். முள்ளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "போனத அளக்கறதுதானேடி நம்ம உத்யோகம்" என்று சிரித்தாய். நர்ஸும் சிரித்துவிட்டாள். என்னால் முடியவில்லை, செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். ஆடி பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

பிறகு ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் அந்தக் கட்டியைப் பார்த்தேன். குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்கக் கூடாது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "வாங்குறீங்களா, படிச்சிட்டு வச்சிடுவீங்களா?" என்றார் கடைக்காரர். நீ பார்த்திருக்க வேண்டிய பாக்கெட் அது.

இப்போதெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும், எந்தப் பொருள் வந்தாலும் நாற்பதிலும் ஒரு முறை அளந்துவிடுகிறேன். ஏன் என்று மேனேஜர் கேட்டபோதெல்லாம் உன் வீட்டு மாடி அறையைச் சொன்னேன். அவர் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

சம்புடம் ஏன் காலியானது என்று எனக்குத் தெரியும். மூடியில் குறையில்லை. உன் நினைப்பு வந்தபோதெல்லாம் நான்தான் திறந்தேன். திறந்தால் கொஞ்சம் போய்விடும், திறக்காவிட்டால் மணக்காது. புதுக் கற்பூரம் வாங்கிப் போடலாம்தான். ஆனால் அது நீ கொடுத்ததாகாது. மிளகை மட்டும் உள்ளே போட்டு, இனிமேல் தொடவே கூடாது என்று மூடியை அழுத்தி மூடி வைத்தேன்.

சாயங்காலமே திறந்துவிட்டேன்டி.