தொண்டைக்குள் போன கை

ஏனுங்க,

தரணியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி இன்று காலை அட்டாலியில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். அடியில் கனமாக ஏதோ ஒன்று பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. பிரித்தால் உங்கள் கம்பிக் கையுறை. கட்டிங் மெஷினில் விரல் போய்விடக் கூடாதென்று கம்பெனியில் கொடுத்தார்களே, இரும்பு வளையத்தில் கொசுவலை மாதிரிப் பின்னியது, அதுதான். வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. போட்டிருந்தால்தானே பழசாகும்.

வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் அதை மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போல விறைப்பாக நிற்பீர்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி டேபிளுக்கு அடியில் போட்டுவிடுவீர்கள். "இதைப் போட்டா கைக்குத் துணியே தெரிய மாட்டேங்குது புள்ள" என்று ஒரு சாக்கு வேறு. உங்கள் விரல்களில் கீறல் இல்லாத நாளே கிடையாது. நான் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. "மொதல்ல உங்க கைலதானுங்க ஸ்டிக்கர் ஒட்டோணும்" என்பேன். காதில் வாங்கினால்தானே. சிரித்துக்கொண்டே டீக்குப் போய்விடுவீர்கள்.

மார்க் ஷீட் எதற்கென்று கேட்பீர்கள். உங்கள் மகள் மாட்டு டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ரேங்க் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. சீட் கிடைக்குமா, எந்தக் கல்லூரி என்பது இன்னும் தெரியவில்லை; சேரும்போது காட்டத்தான் மார்க் ஷீட். அவளுக்குச் சீட் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம், கிடைத்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வெளியே யாரிடம் சொன்னாலும் கிறுக்கி என்பார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

முதலிலிருந்தே சொல்ல வேண்டும். உங்களுக்கு என்ன வந்தது என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. யார் என்ன சொன்னார்கள், அதில் எது உங்கள் காதில் விழுந்தது, ஒன்றும் புரியாத நேரம் அது.

நம் கிடாரிக் கன்று ஞாபகம் இருக்கிறதா? வேலம்பாளையத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் காலி சைட்டு, அதை ஒட்டி வேஸ்ட் குடோன். மூட்டை கிழிந்து பனியன் துணித் துண்டுகள் புல்மேல் எல்லாம் பறந்து கிடக்கும். மாடு மேயும்போது புல்லோடு துணியையும் சேர்த்து இழுத்துவிடும். கன்று அப்படி எதையோ விழுங்கிக் கண் பிதுங்கி நின்றது. நீங்கள் ஒரு கையால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள், இன்னொரு கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டீர்கள், பனியன் கழுத்துக்கு வைக்கிற மஞ்சள் ரிப் துணி ஒன்றை நீளமாக உருவி எடுத்தீர்கள். கன்று இருமிவிட்டுத் தவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த சந்துக்கே சந்தோசம். "துணிய வெட்டறதும் நாந்தான், மாட்டுத் தொண்டைல இருந்து எடுக்கறதும் நாந்தான்" என்று நீங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே. அதன் பிறகு நம் பக்கத்தில் எந்த மாடு தீனி எடுக்காவிட்டாலும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டாஸ்பத்திரிக்குப் போக யாருக்கு நேரம் இருந்தது? எல்லோருக்கும் ஷிப்ட்.

அடுத்த வருடம் தாய் மாடு செவலை அப்படி நின்றது. வாயில் எச்சில் கொடகொடவென்று ஒழுகியது. தண்ணீரை முகர்ந்து பார்த்தது, விழுங்க முடியவில்லை. கத்தியது, ஆனால் குரல் கம்மிப்போய் வேறு ஏதோ மாட்டின் குரலாக இருந்தது. எனக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை. நீங்கள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "துணி சிக்கிருச்சு, வேறென்ன. மூக்கணாங்கயித்தப் புடி" என்றீர்கள். பிடித்தேன். உள்ளே விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்தீர்கள். "ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்குதே" என்றீர்கள். சாயங்காலம் திரும்பவும் கையை விட்டீர்கள். தரணி டார்ச் பிடித்தாள், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். செவலை செத்ததும் துணி குடலுக்குள் போயிருக்கும் என்று பேசிக்கொண்டு, ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு சைட்டில் ஒரு நாய் ஆட்டையும் மாட்டையும் துரத்திக் கடித்ததாக யாரோ சொன்னார்கள். அதையும் இதையும் முடிச்சுப் போட நமக்குத் தெரியவில்லை.

நீங்கள் படுத்தது ஷிப்மென்ட் நேரத்தில். கை மதமதவென்று இருக்கிறது என்றீர்கள். மெஷின் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது என்று தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு காய்ச்சல். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனதும் தூக்கிவாரிப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். என்னைப் பார்த்து, "என்னமோ பண்ணுது, தண்ணியக் கிட்டக் கொண்டாராத" என்றீர்கள். உங்கள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வந்தவரெல்லாம் நாய் கடித்ததா என்றுதான் கேட்டார்கள். இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு சின்ன வயது டாக்டர் மட்டும், "வீட்ல மாடு, ஆடு எதாச்சும் செத்துச்சாம்மா?" என்றார். நான் யோசிப்பதற்குள் தரணி சொன்னாள்: "எங்க செவலை செத்துப்போச்சுங்க. அப்பா அதோட வாய்க்குள்ள கைய விட்டாருங்க." அவர் எங்களை வெளியே கூட்டிப்போய், மாட்டுக்கு வந்தது வெறிநோய், எச்சில் வழியாகக் கைக் கீறலில் இறங்கியிருக்கிறது, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, நானும் தரணியும் இன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். நீங்கள் உள்ளே இருக்கும்போதே நாங்கள் ஊசிக்கு வரிசையில் நின்றோம்.

அன்று தரணி அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு, "மாட்டுக்கும் அந்த நோய் வரும்னு நம்மகிட்ட யாருமே சொல்லலியேம்மா" என்றாள். அவள் எங்கே போகப் போகிறாள் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினொன்றில் பயாலஜி குரூப் எடுத்தாள். சரி, நர்ஸ் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் நூல் பிசிறு வெட்ட வீட்டுக்குப் பீஸ் கொண்டுவருவேன், அவள் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். பசுவுக்கு வயிற்றில் நாலு அறை என்று எனக்கும் இப்போது தெரியும். விலங்கியல் என்றால் தண்ணீர் பட்ட பாடு. பிசிக்ஸ்தான் அவளைப் போட்டு வாட்டியது. பரீட்சை எழுதிவிட்டு வந்து, "பிசிக்ஸ் காலை வாரிருச்சும்மா, கட்-ஆஃப் போச்சு" என்று பையைத் தூக்கி எறிந்தாள். நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் மறைக்கவில்லை, உங்களிடம் என்ன மறைப்பது.

ரிசல்ட் வந்தது, அவள் பயந்த அளவுக்குப் போகவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு வேறு இருக்கிறது. ஒரே பிடியாக நின்றாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். "பி.காம். படி, மெர்ச்சன்டைசராப் போ, ஏசி ரூமுல உக்காந்து பையருக்கு மெயில் போடு. மாட்டத் தவிர எதை வேணும்னாலும் படி சாமி. எனக்கு இருக்கறது நீ ஒருத்தி." அவள் என்னைப் போலத்தான், வாயைத் திறந்தால் பட்டென்று வரும். "நீ கூடத்தான் கயித்தப் புடிச்சே. நான் கூடத்தான் டார்ச் அடிச்சேன். படிச்சிருந்தா மூணு பேருமே பக்கத்துல போயிருக்க மாட்டோம்" என்றாள். மறுநாள் இ-சேவை மையத்துக்குக் கூடவே போய், அவள் விண்ணப்பத்தை நிரப்பி முடிக்கும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரேங்க் வரும்வரை தினமும் அவள் போனைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மயிலாத்தாக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்தார். அவர் மாடு தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது. "உங்க ஊட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் கைய விட்டு எடுத்திருப்பாரு" என்றார். பாவம், வெள்ளந்தியாகத்தான் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். தரணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அங்கே லைன் வீட்டில் குடியிருக்கும் பீகார்க்காரர் ஒருவர், ஊரில் மாடு வைத்திருந்தவராம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாட்டின் வாயைத் திறந்துகொண்டிருந்தார். "மத் டாலோ பையா, ஹாத் மத் டாலோ" என்று, கையை விடாதீங்கண்ணா என்பதை இந்தியில் இவள் கத்தியதில் அவர் பயந்து நாலடி பின்னால் போய்விட்டார். அவ்வளவு இந்தியை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். மாட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வண்டி வரும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. மயிலாத்தாக்காவுக்குக் கோபம். "மாடு மூச்சு முட்டிச் செத்துப்போனா நீ வாங்கித் தருவியா கண்ணு?" என்று கேட்டார். தரணி வழியை மறித்து நின்றாள். கொஞ்சமும் நகரவில்லை.

வண்டியில் வந்த டாக்டர் ஒரு அம்மா. நாய் ஏதாவது கடித்ததா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியதா என்று எல்லாம் விசாரித்தார். தோள்வரை கையுறை போட்டார். வாய் மூடாமல் இருக்க ஒரு இரும்பு வளையத்தைப் பொருத்தினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திறந்தால், அவர் கையில் ஒரு பனியன் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

துணியேதான். "இதுக்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று மயிலாத்தாக்கா சொல்ல, தரணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "துணின்னு கண்ணால பாக்கற வரைக்கும் அதை வெறிநோய்னுதான் வெச்சுக்கோணும். பொண்ணு சரியாத்தான் பண்ணியிருக்கு" என்றார். நான் அவரைத் தனியாகப் பிடித்து, "உங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டேன். "இருக்குமுங்க. அதனாலதான் முன்னாடியே ஊசி போட்டுக்கறோம், கையுறை போட்டுக்கறோம். பயமே இல்லாதவங்க இந்த வேலைக்கு வரக்கூடாது" என்றார். அதைக் கேட்டு என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் அன்று அந்தப் பீகார்க்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குப் போனார். துணி இல்லாமல் வெறிநோயாகவே இருந்திருந்தாலும், கையை உள்ளே விடாததால் போயிருப்பார். அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

நேற்றுக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கக் கடைசி நாள். உடுமலையை முதலில் வைக்கச் சொன்னேன், பக்கத்தில் இருந்தால் வாரா வாரம் போய்ப் பார்க்கலாம். வைத்தாள். அடுத்து நாமக்கல். எல்லாம் முடிந்ததும் போனை என்னிடம் நீட்டினாள். இனிமேல் மாற்ற முடியாது என்று கடைசியாக ஒரு பட்டன் இருந்தது. "நீ அமுக்கும்மா" என்றாள். "நீயே அமுக்கு, எனக்கு என்ன தெரியும்" என்றேன். "அப்புறம் அழுதுட்டே அனுப்பி வெப்பே. நீ அமுக்குனா நான் நிம்மதியாப் போவேன்" என்றாள். எனக்கு விரல் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. "பயமா இருந்தா இருக்கட்டும்மா, பயத்தோடவே அமுக்கு" என்றாள்.

அமுக்கிவிட்டேனுங்க.

இப்போது முடிவு வரக் காத்திருக்கிறோம். அவள் தூங்காமல் கிடக்கிறாள், நான் தூங்குவது மாதிரிக் கிடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும், "உங்க ஊட்டுக்காரர் மேல இருந்து பாத்துப் பெருமைப்படுவாரு" என்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். கிடைக்க வேண்டும், அவள் உழைப்புக்குக் கிடைத்தே ஆக வேண்டும், கிடைத்தால் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். ஆனால் உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு இந்த ஆசையே வந்திருக்காது. ஏதோ ஒரு படிப்பைப் படித்து, ஏதோ ஒரு வேலைக்குப் போய், பொழுதோடு வீடு திரும்பி உங்களோடு வம்பு பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதும். அவள் டாக்டராவதை விட்டுக்கொடுத்தால் உங்களைத் திரும்பத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நான் அவளைக் கேட்கக்கூட மாட்டேன், சரியென்று சொல்லிவிடுவேன்.