முப்பது தலை

செமிலிங்,
சுபானு வருடம், ஆடி 12.

அன்புள்ள மகள் போன்ற பிரேமாவதிக்கு,

ஜித்ராவில் உன் தாயார் வீட்டில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்ற வேண்டுதலோடு குழந்தைவேலு வாத்தியார் எழுதுவது. உன் கடிதத்தை மீரா சாகிபு பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கால் வீக்கம் என்று எழுதியிருக்கிறாய். உப்பைக் குறைத்துக்கொள். உப்பே கிடைக்காத காலத்தில் இப்படிச் சொல்கிறேனே என்று சிரிக்காதே.

அரிசி மாதாமாதம் வருகிறது, அவர் கையெழுத்தில் ஒரு வரிகூட வரவில்லையே, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். கோபம் ஒன்றும் இல்லை அம்மா. உன் வீட்டுக்காரன் பரஞ்சோதித் தம்பி இங்கே இல்லை. வைகாசியில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அரிசி அனுப்புகிறவன் நான். பிரசவம் ஆகும்வரை அவளிடம் சொல்லாதீர்கள் என்று லாரியில் ஏறும்போது தம்பி கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அரிசி வராது. அதனால் இப்போது சொல்லியே ஆகவேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் உன் தாயாரையும் இருக்கச் சொல்.

வெள்ளைக்காரக் கம்பெனி இருந்த நாளில் நம் தோட்டப் பள்ளிக்கு எப்படி மானியம் வந்தது என்று உனக்குத் தெரியாது. தலைக்கு இவ்வளவு என்று வரும். முப்பது தலைக்குக் குறைந்தால் வாத்தியார் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்திவிடும், பள்ளியும் மூடிவிடும். ரப்பர் பால்மரம் வெட்டப் போகும் தாய் தன் மூத்த பெண்ணைக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்திக்கொண்டால் நான் என்ன செய்வேன்? பரிசோதகர் வருகிற அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உள்ள பொடிசுகளையெல்லாம் தூக்கிவந்து பெஞ்சு நிறைய உட்காரவைப்பேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் நாலைந்து பேரை அழைத்துவருவேன். அவர்களும் தலை குறைந்தால் இங்கிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்குவார்கள். கெடாவில் எந்தத் தோட்டத்து வாத்தியாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். பதினெட்டு வருடம் அப்படித்தான் பள்ளி நடந்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளி மூடியது, எனக்குப் பிறகு வாத்தியாரான தம்பி மரவள்ளி நட்டான், இதெல்லாம் நீயே பார்த்தது. தை மாதம், தோட்டத்தை எடுத்துக்கொண்ட புதுக் கம்பெனி, பள்ளிக்கு மறுபடி மானியம் தருவதாகச் சொன்னது. வாத்தியாருக்கு அரிசி, உப்பு, ஒரு துணி. பதிலுக்கு மத்தியானம் வேலை முடிந்தபின் வாலிபர்கள் முப்பது பேருக்கு நிப்போங்கோ என்கிற ஜப்பான் பாஷை கற்றுத்தரவேண்டும். பெயர், வயது, லய நம்பர் எழுதிக் கொடுக்கவேண்டும். நீ வாந்தியெடுத்துப் படுத்திருந்த சமயம் அது. வீட்டில் மரவள்ளியைத் தவிர ஒன்றும் இல்லை.

வகுப்புக்கு வந்தது பதினொரு பேர். "பதினொண்ணுதானே ஐயா, அப்படியே எழுதிடலாம்லா" என்றான் பரஞ்சோதி. நான்தான் பென்சிலை வாங்கி மீதிப் பத்தொன்பது பெயரையும் எழுதினேன். கணக்குப் பாடத்தில் கூடையில் முப்பது மாம்பழம் என்று சொன்னால் மாம்பழமும் வேண்டாம், கூடையும் வேண்டாம், கணக்கு சரியாக வந்துவிடும். பெயர்களையும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாம் என்னிடம் படித்தவர்கள். வயதெல்லாம் எனக்குப் பாடம். அந்தப் பத்தொன்பதில் ஒருவனான அம்மாசியிடம் சொன்னபோது, "என் பேர எழுதினா பரஞ்சோதி வாத்தியார் வீட்டுல ஒலை கொதிக்குமாங்க? அப்ப ரெண்டு தடவ எழுதுங்க" என்று சிரித்தான்.

நீ சித்திரையில் ஜித்ராவுக்குப் புறப்பட்டபோது கொண்டுபோனது அந்த அரிசிதான்.

வைகாசியில் ஒரு காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம் லாரி வந்தது. பாஷை தெரிந்தவர்கள் சயாமில் உபயோகப்படுவார்கள், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி நடராஜா கையில் இருந்தது என் பட்டியல். வரிசையாகப் படித்தார். "நான் ஒரு நாளுகூட அந்தப் பெஞ்சில குந்தலைங்க கிராணி, அந்த எழுத்து நண்டு ஊர்ந்தாப்புல இருக்கு, எனக்கென்ன தெரியும்?" என்றான் அம்மாசி. "தாளுல பேரு இருக்கே, நான் என்னாடா செய்ய?" என்றார் கிராணி. அவன் மனைவி மூன்று பிள்ளைகளோடு லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு எடுத்த வாத்தியார் பெயர் பட்டியலில் இல்லை. பரஞ்சோதி பேசாமல் இருந்திருக்கலாம். அவன் நேராக ஜப்பான் துரையிடம் போய், பத்தொன்பது பெயர் பொய், இவர்கள் வகுப்புக்கு வந்தவர்கள் இல்லை என்றான். கன்னத்தில் அறை விழுந்தது. பொய்ப் பெயர் எழுதியது யார் என்று துரை கேட்டதாகக் கிராணி தமிழில் சொன்னார். தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான்" என்றான். அப்படியானால் நீயும் ஏறு என்றார்கள். பத்தொன்பது பேரில் ஒருவரையும் இறக்கவில்லை.

நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன், பிரேமா. வாயைத் திறக்கவில்லை. அறுபத்திரண்டு வயதுக் கிழவனை ஏற்றியிருக்கமாட்டார்கள் என்று மீரா சாகிபு ஆறுதல் சொல்கிறார். ஏற்றியிருப்பார்களா என்பது வேறு. நான் சொல்லவில்லை.

பிறகு கம்பெனி என்னையே வகுப்பு எடுக்கச் சொன்னது. எடுத்தேன். அதற்குக் கிடைத்த அரிசிதான் உனக்கு வந்தது. வாங்கும்போதெல்லாம் கை கூசியது. உன் வயிற்றை நினைத்து வாங்கினேன்.

போன வாரம் கரங்கான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னையா, சயாம் முகாமிலிருந்து தப்பிக் காட்டுவழியாக வந்து சேர்ந்தான். தம்பியோடு ஒரே கொட்டகையில் இருந்தானாம். தம்பிக்குக் காய்ச்சல், காலில் புண், பிறகு வயிற்றுப்போக்கு என்றான். இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா" என்றான். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

மறுபடி முப்பது பெயர் வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. நாளைக்குக் கொடுக்கவேண்டும். தாள் எழுதிவிட்டேன். அதில் ஒரே பெயர்: குழந்தைவேலு, வயது அறுபத்திரண்டு. மானியம் நின்றுவிடும். என்னை என்ன செய்வார்களோ, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இத்தோடு வருவது கடைசி அரிசி. ஆறு கட்டி எடை இருக்கும். கஞ்சியாக வைத்துக் குடி. பிரசவத்துக்குக் கொஞ்சம் எடுத்து வை. அதற்குமேல் தேவைப்பட்டால் மீரா சாகிபிடம் சொல், மனிதர் நல்லவர். இந்த முகவரிக்குப் பதில் எழுதவேண்டாம்.

என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு முகம் இல்லை. சுகப் பிரசவம் ஆகட்டும். தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பிள்ளை பிறக்கும்வரை நெற்றிப் பொட்டை எடுக்காதே. அதற்குப் பிறகும் நீயாக எடுக்காதே, அம்மா. சின்னையா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
குழந்தைவேலு