தகரம் அடித்த பலகை

தூத்துக்குடி
12-2-1963

அன்புள்ள தைலாவுக்கு,

எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. மங்கைக்கு இருமல் நின்றதா?

வண்டிப்பட்டறையை விட்டு இங்கே பாய்மரத் தோணிக்குத் தச்சனாக வந்து நாலு மாதம் ஆகிறது. தோணி மூன்று இடத்தில் கசிந்தது. கரையில் சாய்த்துப் போட்டு இரண்டை அடைத்துவிட்டேன். பலகை இடுக்கில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத்திரியை உளியால் இறுக்கி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினால் சொட்டு வராது. மூன்றாவது இடத்தில் பலகையே உளுத்துவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. மாற்ற வேண்டும் என்றேன். "அதுக்கு ஒரு மாசம் ஆகும். சிக்கனமா எதையாவது பண்ணு" என்றார் முதலாளி. தார்த்துணி வைத்துத் தகரம் அடித்து, கறுப்பும் பூசிவிட்டேன். பார்த்தால் தெரியாது.

வெள்ளிக்கிழமை வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஆறு பேர் கொழும்புக்குப் போகிறோம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

தனகோட்டி

செஞ்சி
14-2-1963

மங்கையின் நைனாவுக்கு,

கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தந்தி கொடுக்கத் தபால் ஆபீசுக்கு ஓடினேன். "இன்னாம்மா எழுதணும்?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "தோணியில ஏறாதீங்கன்னு எழுதுங்க" என்றேன். தந்தி போயிருக்கும். அது உங்கள் கைக்குக் கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

கோட்டை அகழியில் கால் வைக்கவே பயப்படுகிறவள் நான். கடலை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒன்று கேட்கிறேன். கூட வருகிற ஐந்து பேருக்கும் அந்தப் பலகை விஷயம் தெரியுமா? அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாளே.

இப்படிக்கு,
தைலம்மாள்

கொழும்பு
20-2-1963

அன்புள்ள தைலாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

தந்தி கிடைத்தது. இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். எல்லாரும் ஏறும்போது நான் மட்டும் கரையில் நிற்க வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் தகரம் பிய்ந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மூட்டைகளைக் கடலில் தள்ளினோம். ஓட்டையில் சாக்கைத் திணித்து, முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். தோணியை நடத்துகிற தண்டலிடம் அப்போதுதான் சொன்னேன். "பலக உளுத்தது எனக்கு முன்னயே தெரியும். நான்தான் மறைச்சிட்டேன்."

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "கரைக்குப் போயிப் பேசுவோம். நீ முதுக எடுத்துராத" என்றார்.

கரைக்கு வந்த பிறகும் யாரும் என்னிடம் பேசவில்லை. முதலாளியின் இங்குள்ள ஆள் புதுத் தகரத்தோடு வந்தான். "அதே மாதிரி அடி. நாளைக்குத் திரும்பணும்" என்றான். நான் ஐந்து பேரையும் கூப்பிட்டு, அவன் எதிரிலேயே சாக்கை உருவிக் காட்டினேன். தண்டல் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. "பலக மாத்தாம ஒருத்தனும் ஏற மாட்டான்" என்றார்.

இப்போது பலகை மாற்றுகிறேன். சாப்பிடும்போது இன்னும் தள்ளித்தான் உட்காருகிறார்கள். தோணியை விட்டுவிட்டுக் கப்பலில் வந்துவிடுங்கள் என்று எழுதாதே, தைலா. பயம் போகவில்லை. ஆனாலும் என் வேலையை நம்பி அவர்கள் ஏறும்போது நானும் கூட ஏற வேண்டும்.

தனகோட்டி