வெண்டல் தனியாக நின்ற மூலை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வந்தவர்கள்: நான், மகள் கார்லீன், பேத்தி பிரிட்டா, மெர்ல், லவோன். இது எங்கள் பக்கம். எதிர்ப் பக்கம் ஹார்லன், அவன் மனைவி டோரிஸ், டுவேன், தபால்காரி ரோண்டா, பாஸ்டரம்மா சிக்னி. பால்பண்ணை வெண்டல் ட்வெட் தனி. மொத்தம் பதினொரு பேர். ஒருவரையும் விடவில்லை.

கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று அயோவாவில் ஊர் ஊராகக் கூடிச் சொல்கிற நாள். சர்ச்சுக்குக் கீழ் அறையில் அவரவர் ஆளுக்கு ஒரு மூலை. ஐந்து, ஐந்து, ஒன்று. வெண்டல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

இப்படி ஒற்றை ஆளாக நிற்பவன் முன்பெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி. இந்தப் பக்கம் காபி, அந்தப் பக்கம் கேக், ரெண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள். எண்பத்தெட்டில் என் வீட்டுக்காரர் ஆர்வில், இதே வெண்டலை மடக்க நான் செய்த ஆப்பிள் பை முழுவதையும் ஊட்டினார். தின்றுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றான். ஊரே சிரித்தது. மறுநாள் காலையில் எங்கள் வாசல் பனியை அவன்தான் வந்து தள்ளினான்.

இன்று யாரும் அவன் பக்கம் போகவில்லை. லெமன் கேக்கை வெட்டக்கூட இல்லை.

"அந்தத் திருட்டுப் பயலுக்கா நிக்கற?" என்றான் ஹார்லன்.

"வேலையத்தவனே, வீட்டுக்குப் போ" என்றான் மெர்ல்.

"என் ஆளுக்கு நான் ஒருத்தனாவது நிக்கணும்ல" என்றான் வெண்டல்.

அப்போதுதான் யாரோ மாடு மாதிரி "ம்ம்மா" என்று கத்தினார்கள். அடுத்து இன்னொருவர். பிறகு அறை முழுக்க. சர்ச்சில் பாடுகிற அதே குரல்கள். நான் சிரித்தேன். சிரிப்பது வேறு, கத்துவது வேறு.

போன அக்டோபரில்தான் அவன் நாற்பத்திரண்டு மாடுகளையும் விற்றான். பால் விலை கட்டுப்படியாகவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐந்துக்கு ஐந்து என்பதால் காசு சுண்டினார்கள். தோற்றோம்.

பிப்ரவரி 4

முதலில் கத்தியது யார்?

பிப்ரவரி 6, வியாழன்

உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்டு எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனேன். ஆர்வில் கிடையாகக் கிடந்த ஒன்பது வாரமும், பால் கறந்து முடித்த கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். என் தம்பி வந்தது ஒரே நாள். அதுவும் அரை மணி.

வீட்டில் ஆள் இல்லை. கொட்டகையில் கறவை மெஷின் ஓடும் சத்தம். புதிதாக மாடு வாங்கிவிட்டானோ என்று உள்ளே போனேன். விளக்கெல்லாம் எரிகிறது. தரை கழுவியிருக்கிறது. நாற்பத்திரண்டு இடமும் காலி. குழாய்கள் காற்றை உறிஞ்சிக்கொண்டு தொங்குகின்றன. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இது எதுக்குப்பா ஓடுது?"

"அஞ்சு மணி ஆச்சே, ஓர்லா."

கறவை நேரமாம். கையிலிருந்த தட்டை அவனிடம் நீட்டினேன்.

"முதல்ல கத்தினது யாருன்னு கண்டுபிடிச்சு, காதைப் பிடிச்சு உன் வாசலுக்கு இழுத்துக்கிட்டு வரேன். மன்னிப்புக் கேக்க வைக்கலேன்னா பாரு" என்றேன்.

"வேணாம். விடு" என்றான்.

எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் லவோனைப் பிடித்தேன். "நான் அப்புறமாத்தான் கத்தினேன்" என்றாள். ரோண்டாவும் அதையே சொன்னாள். டுவேனும் அதையே. அப்புறமாம், அப்புறமாம். அப்படியானால் முதலில் கத்தியது பேயா?

இன்னொன்று. நான் கேட்டதும் எல்லோரும் ஒரே மாதிரி என் வாயைப் பார்க்கிறார்கள். கண்ணை இல்லை, வாயை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 12

கடையில் ரொட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து "ம்ம்மா". போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. வெண்டலின் தபால் பெட்டியில் யாரோ மாட்டுத் தலை வரைந்திருக்கிறார்களாம். பள்ளி பஸ் அவன் வீட்டைத் தாண்டும்போது பிள்ளைகள் அத்தனை பேரும் கத்துகிறார்களாம். எல்லாம் தாய் தகப்பனிடம் கேட்டதுதானே.

அஞ்சு மணிக்கு அந்த மெஷின் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ரெண்டு மைல். கார்லீனுக்குக் கேட்கவில்லையாம்.

பிப்ரவரி 14

டிவியில் விவாதம். ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள். எங்கள் ஆள் எதிர்ப் பக்கத்து வேட்பாளர் அம்மாவை நறுக்கென்று ஒன்று கேட்டார். நல்லா வேணும்.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்றாவது தட்டு கொண்டுபோனேன். நன்றாகச் சாப்பிட்டான். "நல்லாருக்கு, ஓர்லா" என்றான்.

"உனக்குத் தெரியும்தானே, யாருன்னு?"

"நாப்பத்திரண்டு மாட்டையும் குரலை வச்சே சொல்வேன். மனுசக் குரலா தெரியாது?"

"அப்ப சொல்லு. ஹார்லன்தானே? அவங்கப்பனே அப்படித்தான்."

"இன்னும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டினான். அவனும் என் வாயைத்தான் பார்த்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பிரிட்டா அன்றைக்குத் தன் போனில் படம் பிடித்திருக்கிறாள். முதல் ஓட்டாம், ஞாபகத்துக்காம். இருபது நாளாக என்னிடம் காட்டவில்லை. இன்று நான் ஹார்லன் வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பினேன். பூட்ஸை மாட்டும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, போகாதீங்க. முதல்ல இதைப் பாருங்க."

காபி மேசை. பச்சை ஸ்வெட்டரில் ஒரு கிழவி. வெண்டல் பேசி முடிக்கிறான். கிழவியின் வாய் திறக்கிறது. "ம்ம்மா." வாய் மூடுகிறது. பிறகு அந்தக் கிழவி, யார் கத்தியது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

மூன்று தடவை போடச் சொன்னேன். மூன்று தடவையும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தாள்.

"நெஜமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா, பாட்டி?"

எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் நாலாம் வகுப்பில் என் பென்சிலை எடுத்தவள் பெயர் சொல்வேன், அன்றைக்கு அவள் போட்டிருந்த கவுன் நிறம் சொல்வேன். இது மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வழித்து எடுத்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 24

ஸ்வெட்டர் என்னுடையதுதான்.

மார்ச் 1, ஞாயிறு

வெண்டல் மினசோட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறான். பண்ணை விற்றாயிற்று. இன்று கிளம்புகிறான் என்று கார்லீன் வந்து சொன்னாள்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாம்மா. ஒரே வார்த்தை."

கோட்டுப் போட்டேன். கழற்றினேன். மறுபடி போட்டேன்.

பதினோரு மணிக்கு அவன் வண்டியே எங்கள் வாசலில் நின்றது. என் கண்ணாடித் தட்டு மூன்றையும் கழுவித் துடைத்துப் படியில் வைத்தான். கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். காத்திருந்தானோ என்னவோ. திரைக்குப் பின்னால் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். திறந்தால் எது வருமென்று எனக்கே தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

மெர்லை மன்னித்துவிட்டேன். ஹார்லனைக்கூட, போகட்டும். பச்சை ஸ்வெட்டர்க் கிழவியையும் மெதுவாக மன்னித்துவிடுவேன், வயசாகிவிட்டது அவளுக்கு. ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே, எவள் காதைப் பிடித்து எவள் இழுத்து வரப்போகிறாள் என்று தெரிந்துகொண்டே, மூன்று தட்டும் என் கையால் வாங்கித் தின்று, நல்லாருக்கு என்று சொன்னானே, அவனை மட்டும் முடியாது.

வெண்டல் ட்வெட்.