விரிசலும் கண்ணாடியும்

அக்கா,

பிரித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. "இந்த மழையை அது தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாயே, நம் எஸ்டேட்டின் பாழடைந்த மாளிகை தாண்டிவிட்டது!

சுவர் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். சுவர் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் காலையில் ஒன்று உடைந்து கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால், நான் சாத்தி வைத்த ஏணி சரிந்து அதில் இடித்திருக்கிறது! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது. நேற்று நீ அனுப்பிய இன்ஜினீயர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதையா உங்க அக்கா இடிக்கணும்னாங்க?" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

விரிசல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வளரவில்லையாம். சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தால் போதுமாம். நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

இடிக்க வரச்சொன்ன மிஷினை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ மட்டும் வா. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஜெயித்த திமிரோடு,
உன் தங்கை